ஒன்றரைப் பசுவும் ஒரு குறுக்கெழுத்தும்

புதிர் அமைப்பதில் கைதேர்ந்த நண்பர் ஒருவர், ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் ஒரு தமிழ்க் குறுக்கெழுத்தைக் கையால் கோடு போட்டு அனுப்பியிருந்தார். 'தலைநகரம்', 'ஒரு பறவை' என்று நேராகக் கேட்கும் வகை இல்லை. ஒவ்வொரு குறிப்பும் ஒரு சொல்விளையாட்டு. ஆங்கிலத்தில் கிரிப்டிக் என்பார்களே, அது. இந்தக் கட்டத்தை நான் எப்படி அவிழ்த்தேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதுவரை இந்த வகைப் புதிரைத் தொடாதவர்களும் இதைப் படித்துவிட்டுப் பென்சிலை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அடிப்படை. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. உயிரும் ஓர் எழுத்து, உயிர்மெய்யும் ஓர் எழுத்து, புள்ளி வைத்த ஒற்றும் ஓர் எழுத்துதான். 'மரம்' என்றால் ம, ர, ம் என்று மூன்று கட்டம். குறிப்பின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் விடையின் எழுத்துக் கணக்கு.

குறிப்பில் இரண்டு பாகம் உண்டு. ஒரு பாகம் விடையின் நேர்ப்பொருள். மற்றது அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. நேர்ப்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது. குறிப்பை வாக்கியமாகப் படித்தால் ஒரு கதை தெரியும். அந்தக் கதையை நம்பக் கூடாது. வாக்கியத்தை எந்த இடத்தில் இரண்டாக வெட்டுவது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் முதலில் போட்டது இது: மலையுச்சியில் தகரம் நசுங்கிக் கல்லானது (5). 'நசுங்கி' என்ற சொல்தான் கண்ணில் பட்டது. நசுங்கி, கலைந்து, சிதறி, உடைந்து, குழம்பி என்று வந்தால் பக்கத்திலிருக்கும் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட வேண்டும் என்று பொருள். 'தகரம்' நாலு எழுத்து. வேண்டியது ஐந்து. மலையுச்சி, அதாவது 'மலை'யின் முதலெழுத்து ம. அப்புறம் த, க, ர, ம் நாலையும் கலைத்தால் ர, க, த, ம். மரகதம். கல்தான்.

மன்னன் நகர் கோயில் வாசலில் நிற்கும் (4). இதற்கு யோசிக்கவே வேண்டாம். மன்னன் கோ, நகர் புரம். கோபுரம்.

இதற்குப் பிறகுதான் நண்பர் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கினார்.

அந்தியில் காலை வாரிவிட்டால் ஏற மூச்சு வாங்கும் (2). 'அந்தி', 'காலை' இரண்டும் அடுத்தடுத்து வந்தால் நம் மனம் பொழுதைத்தான் நினைக்கும். அங்கேதான் பொறி. காலை என்பது இங்கே காலைப்பொழுது இல்லை, காலை, கால்+ஐ. எந்தக் கால்? எழுத்தின் துணைக்கால். அந்தி என்றால் மாலை. 'மா'வின் காலை வாரிவிட்டால் 'ம'. மலை. ஏற மூச்சு வாங்கத்தான் செய்யும். இரண்டே எழுத்து, ஒரே ஒரு துணைக்கால், அதற்குள் இத்தனை வேலை. இதை எந்த மொழிக்கும் பெயர்க்க முடியாது. நம் எழுத்துக்குக் கால் இருக்கிறது என்பதாலேயே பிறந்த குறிப்பு இது.

கால் இருந்தால் கொம்பும் இருக்குமே. அதையும் விடவில்லை. படுக்க விரித்ததற்குக் கொம்பு முளைத்ததாம், உண்மையில்லை (2). படுக்க விரித்தது பாய். 'பா'வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு போட்டால் 'பொ'. பாய் பொய்யானது. உண்மையில்லை என்பது நேர்ப்பொருள். இந்தக் குறிப்பை நான் கட்டத்தில் நிரப்பிய பிறகும் இரண்டு மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கால் இருந்த எழுத்தில் கொம்பைச் சேர்த்தால் உச்சரிப்பே மாறிவிடுகிறது, ஆனால் காகிதத்தில் பார்த்தால் இடப்பக்கம் ஒரு சுழிதான் புதிது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில் புதிர் அமைப்பவர் உட்கார்ந்துகொள்கிறார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு யோசனை: குறிப்பில் கால், கொம்பு, சுழி, புள்ளி, தலை, வால் இவற்றில் எது வந்தாலும் உடம்பை மறந்துவிட்டு எழுத்தைப் பாருங்கள்.

அடுத்து எண்கள். தமிழ் எண்களில் ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ. காலுக்கு வ. இது தெரிந்தவர்களுக்குக் குறிப்பில் எண் வந்தாலே கை பரபரக்கும். ஒரு வலை மனதை அரிக்கும் (3): ஒன்று க, அதோடு வலை, கவலை. எளிது. ஆனால் இதைப் பாருங்கள்: எட்டேகாலுக்குப் பால் முடிந்துவிட்டது, குசேலன் கொண்டுபோனது (3). காலை எட்டேகால் மணிக்குப் பால்கடையில் பால் தீர்ந்துபோகும் காட்சி அப்படியே கண் முன்னால் வருகிறது. அந்தக் காட்சியைக் கலைத்துவிட்டுப் பார்த்தால் எட்டு அ, கால் வ. 'பால்' முடிவது ல்-இல். அவல்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசை இருக்கிறதே, அதுவும் இதே கணக்குதான். எட்டேகால் என்றால் அவ, ஆகவே அவலட்சணம். அடுத்து வரும் 'எமனேறும் பரி' எருமை. அந்தப் பாட்டை ஒரு புதிர்த்தொகுப்பு என்றே நான் சொல்வேன். திட்டு வாங்கியவர் விடை கண்டுபிடித்த பிறகுதான் கோபப்பட முடியும்.

'உ'வுக்கு இன்னொரு முகமும் உண்டு. பிள்ளையார் சுழி போட்ட தினுசில் சந்தோஷம் (3). தினுசு வகை. சுழி போட்டால் உவகை. இந்தக் குறிப்பு சிறியது, சுத்தமானது. ஒரு சொல்கூட உபரி இல்லை.

ஒளிந்திருக்கும் விடைகள் தமிழில் அமைப்பதற்குக் கடினமானவை. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் வாலையும் அடுத்ததன் தலையையும் சேர்த்து மூன்றாவது சொல்லை ஒளித்துவிடலாம். நம்மிடம் புணர்ச்சி குறுக்கே வந்து நிற்கும். 'பேசிக் கரம் பிடித்தான்' என்று எழுதினால் நடுவில் க் முளைத்துவிடும். சி, க, ர, ம் என்று தொடர்ந்து படிக்க முடியாது. நண்பர் இதைச் சமாளித்த விதம்: அரசி கரம் கூப்பியதில் கொஞ்சம் தெரியும் உச்சி (4). 'அரசி' எழுவாயாக நிற்பதால் வலி மிகவில்லை. அர[சி கரம்] என்று ஒற்று நுழையாமல் சிகரம் முழுசாகக் கிடைக்கிறது. சந்தியைத் தப்பவிட்டு எழுதியிருந்தால் எனக்கு இந்தப் புதிர் மேலிருந்த மரியாதையே போயிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கட்டம் முழுவதிலும் ஒரு சந்திகூட வசதிக்காக விழுங்கப்படவில்லை என்பதைத் தேடித் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பாம்பு விழுங்கிய நடுக்கடலை மேடையில் பார்க்கலாம் (4). 'விழுங்கிய' என்றால் ஒரு சொல் இன்னொன்றைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். நடுக்கடல், கடலின் நடு எழுத்து ட. பாம்பு நாகம். நா(ட)கம். மேடையில் பார்க்கலாம்.

இந்த வித்தைகள் எல்லாம் மேற்கிலிருந்து வந்து இறங்கியவை என்று சிலர் சொல்வதுண்டு. கட்டம் வந்தது உண்மை. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21-ஆம் தேதி நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வைரவடிவக் கட்டம் ஒன்றைப் போட்டார், அதுதான் தொடக்கம். சொல்விளையாட்டாகவே குறிப்பு எழுதும் முறையை இங்கிலாந்தில் 1926 முதல் அப்சர்வர் இதழில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் எழுதியவர் வளர்த்தார். ஆனால் எழுத்தைக் கூட்டுவது, குறைப்பது, ஒளிப்பது, திருப்பிப் படிப்பது ஆகிய வேலைகள் எழுத்தை வைத்து விளையாடும் நம் பழைய சித்திரகவிப் பாடல்களில் எப்போதோ இருக்கின்றன. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் வகைகளைப் பாருங்கள். எழுத்து வருத்தனம் என்றால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டக் கூட்ட வேறு வேறு சொல் வருவது. அக்கரச்சுதகம் என்றால் எழுத்தைக் குறைக்கக் குறைக்க வேறு சொல் வருவது. கரந்துறைச் செய்யுள் என்றால் ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது. மாலைமாற்று எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றே. திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே அப்படிப் பாடியிருக்கிறார். மாத்திரைச் சுருக்கம் என்று ஒன்று உண்டு: நெடிலைக் குறிலாக்கினால் வேறு சொல் பிறக்கும். மாலையின் காலை வாரி மலையாக்கியது அதேதான்.

சரி, கட்டத்துக்கு வருவோம். மேல் பாதியில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. 3 நெடுக்காக: அம்புக்குக் கீழே இரும்பை இழுப்பது, பக்கத்தில் ஒருவருமில்லை (5). அதைக் குறுக்கே வெட்டுவது 7 குறுக்காக: தலை மாறினாலும் மருந்து மாதிரி மூன்று நாளைக்குத்தான் (4).

இரண்டாவதை எடுத்தேன். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று வீட்டில் சொல்லாதவர்கள் கிடையாது. மருந்தின் தலையெழுத்து ம மாறி வி வந்தால் விருந்து. பழமொழியே நேர்ப்பொருளாகிவிட்டது. நல்ல குறிப்பு, ஆனால் நான் சொல்ல வந்தது அதன் மூன்றாம் எழுத்தைப் பற்றி. ந் என்ற ஒற்று இப்போது 3 நெடுக்காகவின் மூன்றாம் கட்டத்தில் விழுந்தது.

பள்ளியில் இலக்கண வகுப்பில் உட்கார்ந்திருந்ததற்குப் பயன் இங்கேதான் கிடைக்கிறது. மெய்ம்மயக்கம் என்று படித்தோமே: எந்த ஒற்றுக்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்ற விதி. ந்-க்குப் பின் பெரும்பாலும் த வரிசைதான். இன்னொரு ந வரலாம், ய வருவது மிக அரிது. ஆகவே நாலாம் கட்டத்தில் த, தா, தி, து இப்படி ஏதோ ஒன்று. இரும்பை இழுப்பது காந்தம் என்று தோன்றியிருந்தது. கா, ந், த, ம். அது இரண்டாம் கட்டத்திலிருந்து ஐந்தாம் கட்டம் வரை கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே ஒரே ஓர் எழுத்து பாக்கி. அந்த ஓரெழுத்துக்கு அம்பு என்று பொருள் இருக்க வேண்டும்.

நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு என்கிறது. அவற்றில் நாம் அன்றாடம் புழங்குவது தீ, பூ, கை, வா, போ, ஈ போன்ற சில. மீதி நிகண்டிலும் பழம்பாட்டிலும் தூங்குகின்றன. சோ மதில், கா சோலை, சே எருது, ஊ இறைச்சி. ஏ என்றால் அம்பு. ஏகாந்தம். பக்கத்தில் ஒருவருமில்லாத நிலை. குறிப்பில் 'கீழே' என்று இருப்பதும் பொருத்தம், ஏனென்றால் நெடுக்காக எழுதும் விடையில் காந்தம் ஏ-வுக்குக் கீழேதான் வரும். குறுக்காக வரும் விடைக்கு இதே குறிப்பை எழுதினால் 'பின்னால்' என்று மாற்ற வேண்டும். இந்த அளவு கவனம் உள்ளவரோடு மல்லுக்கட்டுவது தனி சுகம்.

புதிர் போடுபவர்களுக்கு இந்த நாற்பத்திரண்டும் பெரிய புதையல். அவிழ்க்கிறவர்கள் அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், எண்களின் பட்டியலோடும் ச ரி க ம ப த நி என்ற ஏழு சுரங்களோடும் சேர்த்து. இந்தக் கட்டத்தில் சுரம் வரவில்லை. மற்றவற்றில் நிறைய வரும்.

கீழ்ப்பாதி. 17 குறுக்காக: பலாவைப் புரட்டி, மரம் முடிந்ததும் கையில் மிஞ்சியது (3). புரட்டி என்றால் பின்னிருந்து முன்னாக எழுது. பலா புரண்டால் லாப. 'மரம்' முடிவது ம்-இல். லாபம்.

தமிழில் இப்படித் திருப்பிப்போடும் குறிப்புகள் குறைவாகவே வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி ஒற்றில் முடியும்: மரம், கடல், மீன், நாய். ஒற்றில் தொடங்கும் சொல் தமிழில் கிடையாது. எனவே திருப்பினால் ஒன்றுமே நிற்காது. நண்பர் செய்தது, உயிர்மெய்யில் முடியும் பலாவை மட்டும் திருப்பி, ஒற்றைத் தனியாக வாலில் ஒட்டியது. லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துதான்; லாபம் வடமொழியிலிருந்து வந்து பழகிவிட்ட சொல் என்பதால் வழி திறந்தது.

லாபத்தின் நடு எழுத்து ப, 12 நெடுக்காகவின் நாலாம் கட்டம். அந்தக் குறிப்பு: குதிரையின் ஏக்கம் உச்சுக் கொட்ட வைக்கும் (5). நாலாவது ப, முடிவில் ம் ஆக இருக்கலாம். உச்சுக் கொட்டுவது என்றதும் 'அனுதாபம்' என்ற சொல் பாய்ந்து வரும். ஐந்து எழுத்து. நாலாவது ப. பொருளும் சரி. குதிரையைக் கவனிக்காதவர்கள் அதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஆனால் கட்டத்தைப் பாருங்கள். 12 நெடுக்காகவின் முதல் கட்டம் 11 குறுக்காகவின் இரண்டாம் கட்டமும்கூட. அனுதாபம் என்று போட்டால் 11 குறுக்காகவின் இரண்டாவது எழுத்து அ ஆகிவிடும். அளபெடையை விட்டால், சொல்லின் நடுவில் தனி உயிர் எழுத்து வரவே வராது. ஆக, குறிப்பின் சொல்விளையாட்டைத் தொடாமலே, வெறும் இலக்கணத்தை வைத்தே அனுதாபத்தை வெளியே தள்ளிவிடலாம். இந்த வகைத் தடயம் ஆங்கிலக் குறுக்கெழுத்தில் கிடைக்காது. அங்கே எந்த எழுத்தும் எங்கேயும் வரலாம். நமக்கோ முதலில் நிற்கும் எழுத்து எவை, நடுவில் நிற்பவை எவை, கடைசியில் நிற்பவை எவை என்று ஏறக்குறைய எல்லாமே வரையறுக்கப்பட்டிருக்கிறது. மொழிக்கு முதலில் வருபவை இருபத்திரண்டு என்கிறது நன்னூல்: பன்னிரண்டு உயிரும், பத்து மெய்களின் வரிசையும். கடனாக வந்த சொற்கள் அந்த வேலியைத் தாண்டும், அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, குதிரை. குதிரைக்குப் பரி. ஏக்கம் தாபம். பரிதாபம். அதுவும் உச்சுக் கொட்டத்தான் வைக்கும். நேர்ப்பொருள் இரண்டு சொல்லுக்கும் பொருந்தும்போது எது சரி என்று தீர்ப்பதற்குத்தான் சொல்விளையாட்டு இருக்கிறது. சாதாரணக் குறுக்கெழுத்தில் 'அனுதாபமா, பரிதாபமா' என்று கடைசிவரை ஊசலாட வேண்டியிருக்கும். இதில் அந்தக் குழப்பமே இல்லை. கடினமான புதிர் என்று பெயர் இருந்தாலும், விடை இதுதான் என்று நூறு சதவீதம் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வகை இதுவே.

கடைசியாக நின்றது 11 குறுக்காக. ஒன்றரைப் பசுவுக்குப் புண். அடகுக் கடையில் கிடக்கும் (5).

கையிலிருந்தது இரண்டாம் எழுத்து ப, ஏகாந்தத்தின் வாலிலிருந்து வந்த ஐந்தாம் எழுத்து ம். இந்த ம் பெரிய உதவியில்லை. தமிழ்ப் பெயர்ச்சொல்லில் கடைசி எழுத்து ம் என்பது யாரும் ஊகிக்கக் கூடியது. எண்ணைக் கண்டதும் தமிழ் எண்ணைத்தான் முதலில் முயல்வோம். ஒன்று க, அரைக்கும் ஒரு குறியீடு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் எதுவும் தேறவில்லை. எண்ணை விட்டுவிட்டுப் புண்ணைப் பிடித்தேன். புண்ணுக்குக் காயம், வடு, ரணம். காயம் மூன்று எழுத்து, ரணமும் மூன்று. இரண்டும் ம்-இல் முடியும். ஐந்தில் மூன்று போனால் முன்னால் இரண்டு எழுத்து, அதில் இரண்டாவது ப என்பது ஏற்கெனவே கட்டத்தில் இருக்கிறது. ஆக ஒன்றரைப் பசு என்பது இரண்டு எழுத்து, இரண்டாவது ப.

இந்த இடத்தில் ஏகாந்தத்தின் ஏ கை கொடுத்தது. அம்புக்கு ஏ என்றால் பசுவுக்கு ஆ. ஒரு பசு, ஆ. அரைப் பசு? 'பசு' என்ற சொல்லில் பாதி, ப. ஒன்றும் அரையும் சேர்ந்து ஆப. ரணம் சேர்ந்து ஆபரணம். அடகுக் கடையில் கிடப்பது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உடனே அவருக்குப் போன் போட்டேன். "அண்ணா, அந்த அரைப் பசு அநியாயம்" என்றேன். "அநியாயமா, அழகா? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

இதை நான் சற்று நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. டார்க்கமாடாவுக்குப் பிறகு 1939-இல் அப்சர்வர் புதிரை எடுத்துக்கொண்ட டெரிக் மக்நட், ஜிமெனிஸ் என்ற பெயரில் எழுதியவர், நியாயமான குறிப்பு எது என்று வரையறுத்துவைத்தார். துல்லியமான நேர்ப்பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, இவை இரண்டைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. அந்தத் தராசில் ஒன்றரைப் பசு நிற்குமா? ஒரே 'பசு' என்ற சொல் ஒரு தடவை பொருளாகவும் (பசுவென்றால் ஆ) இன்னொரு தடவை வெறும் எழுத்துகளாகவும் (பசுவில் பாதி ப) எடுத்துக்கொள்ளப்படுகிறது. கறாரானவர்கள் ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான் என்பார்கள். 'மாட்டுக்கும் பாதிப் பசுவுக்கும் புண்' என்று எழுதியிருந்தால் எவரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அப்படி எழுதியிருந்தால் ஒன்றரைப் பசு போய்விடும். என் தீர்ப்பு நண்பர் பக்கம்தான். ஒன்றரை என்ற சொல்லே தன்னை ஒன்று, அரை என்று பிரித்துக் காட்டிவிடுகிறது. அவிழ்ப்பவருக்கு வேண்டிய தகவல் எல்லாம் குறிப்பில் இருக்கிறது, எதுவும் மறைக்கப்படவில்லை. ரிச்சி என்ற பாதிரியார், அஃப்ரிட் என்ற பெயரில் புதிர் அமைத்தவர், ஒரு விதி சொன்னார்: புதிர்க்காரர் தான் சொல்வதையே நினைக்க வேண்டியதில்லை, ஆனால் தான் நினைப்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றரைப் பசு சொல்லியிருக்கிறது. இதை நண்பரிடம் சொன்னபோது, "அடகுக் கடையை ஏன் போட்டேன்னு கேட்கலையே" என்றார். வீட்டில் மாட்டுக்கு வைத்தியம் பார்க்க நகையை அடகு வைக்கும் குடும்பத்தைக் குறிப்பின் மேற்கதையில் நிறுத்த நினைத்தாராம். மறுபடி படித்துப் பார்த்தேன். ஒன்றரைப் பசு என்றால் ஒரு மாடும் ஒரு கன்றும் என்றே அந்தக் குடும்பம் சொல்லும். ஐந்து எழுத்து விடைக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

சில நடைமுறை விஷயங்கள். எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் குறிப்பு வந்தால் அவற்றை வரிசையாக எழுதாதீர்கள். வரிசையில் எழுதினால் கண் பழைய சொல்லையே படித்துக்கொண்டிருக்கும். தாளில் வட்டமாகச் சிதறி எழுதினால் விட்டுவிடும். ஒற்றுகளை மட்டும் தனியாக எடுத்து ஓரத்தில் வையுங்கள். முதலில் வராது, பின்னால் யார் வரலாம் என்று விதி இருக்கிறது, ஆகவே ஒற்றின் இடம்தான் முதலில் தீரும். ஆங்கிலக் கட்டங்களில் பொதுவாக ஒரு சமச்சீர் இருக்கும், கட்டத்தை அரைச் சுற்று திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் நிற்கும். இந்தக் கட்டத்தில் அது இல்லை. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. சொற்கள் நன்றாக வெட்டிக்கொண்டால் போதும்.

பதிலுக்கு நானும் ஒரு குறிப்பு எழுதினேன். மனம் ஒரு குரங்கு என்பார்களே, அதை வைத்து. 'ஒரு வாரத்துக்குள் நடுமனம் குரங்கானது (4)' என்று முதலில் வந்தது. வாரத்துக்குள் மனத்தின் நடு எழுத்து ன நுழைந்தால் வா(ன)ரம். வாக்கியமாகப் படிக்க 'ஒரு' இருப்பதுதான் ஓசைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 'ஒரு' என்றதும் அவிழ்ப்பவர் க-வைத் தேடுவார். அந்தச் சொல்லுக்கு விடையில் எந்த வேலையும் கிடையாது. ஓசை போனாலும் பரவாயில்லை என்று அதை அடித்துவிட்டு, 'வாரத்துக்குள் நடுமனம் குரங்கானது (4)' என்று அவருக்கு அனுப்பினேன்.